பாதை இல்லாத மலை

இமயமலைப் பகுதியில் உத்தரகாசி என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே நகுரி என்று ஒரு சிற்றூர். பச்சேந்திரி பால் அந்த ஊர்ப் பெண். 1984-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி அவர் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் நின்றார். எவரெஸ்டில் ஏறிய முதல் இந்தியப் பெண் அவர்தான்.

இவ்வளவு உயரம் ஏறுவது எப்படி? காலில் பலம் இருந்தால் போதுமா? போதாது.

கோயில் மலைக்குப் படி இருக்கும். இமயமலையில் ஓர் உயரத்துக்கு மேல் ஒற்றையடிப் பாதைகூட இருக்காது. எங்கும் பாறை, கல், பனி. பிறகு வழி எப்படித் தெரியும்? ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்பார்கள். முன்னால் போனவர்கள் கல்மேல் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். அதுவே அடையாளம். வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்கும். போகும்போதே அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். ஏனென்றால் இறங்கும்போது அதே இடம் வேறு மாதிரி தெரியும்.

உச்சிக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்புகிறார்கள். ஏன் தெரியுமா? இரவில் பனி கல்போல் இறுகியிருக்கும். வெயில் ஏறினால் இளகும். கால் புதையும். கற்கள் உருளும். ஆகவே திரும்பும் நேரத்தை முன்பே முடிவு செய்வார்கள். உச்சி பக்கத்தில் இருந்தாலும் நேரமானால் திரும்ப வேண்டும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். 5,500 மீட்டர் உயரத்தில், கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் பாதிதான் கிடைக்கும். இதற்கு உடம்பு பழக நாளாகும். 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது.

அவசரப்பட்டால் தலை வலிக்கும். வாந்தி வரும். உடனே ஏறுவதை நிறுத்த வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், உடனே கீழே இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிர் போய்விடும்.

இது பலசாலிக்கும் வரும். ஆனால் பலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். அதுதான் உயிருக்கு உலை. 1984 பயணத்தில் ஓர் இரவு கூடாரங்கள்மேல் பனி சரிந்தது. காயம்பட்ட பலர் கீழே இறங்கினார்கள். அதில் வெட்கம் என்ன?

லடாக்கில் உள்ள லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ராணுவத்துக்கும் சாலை வேலைக்கும் பல மாநிலத்துப் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். விமானத்தில் போனால், முதல் இரண்டு நாள் ஓய்வு எடுக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை போனால் சொல்லி அனுப்புங்கள்: "மெதுவாக ஏறு. தலை வலித்தால் மறைக்காதே. முடியாவிட்டால் இறங்கிவிடு. மலை எங்கேயும் போகாது."