பெயருக்குப் பின்னால் நிற்பது எது?

பழவேற்காடு என்று நாம் எழுதுகிறோம். 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் ஆவணங்களில் அது பலியகாட்டா. ஆங்கிலத்தில் புலிகாட். தெலுங்கில் ஏரிக்குப் பிரளய காவேரி என்றொரு பெயர். மலாய்க்காரர்கள் கட்டும் கைலிக்கு 'பெலிகாட்' என்று இன்றும் பெயர். ஊரே துணியாகிப் போயிருக்கிறது. இவையெல்லாம் ஓர் இடத்தைச் சுற்றி வருபவை என்பது நமக்குத் தெரியும். கணினிக்கு வேறுவேறு எழுத்துக்கோவைகள், அவ்வளவுதான்.

பழைய ஆவணங்களைக் கணினிப் பிரதிகளாக்குகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிரதிக்குள்ளேயே குறிகள் இட்டு, 'இது ஆள்பெயர்', 'இது இடப்பெயர்' என்று காட்டுகிற முறை எக்ஸ்எம்எல். மானுடவியல் துறைப் பிரதிகளுக்கான பொதுவிதிகளை 1987இல் தொடங்கிய டிஇஐ என்கிற கூட்டுமுயற்சி வகுத்துவருகிறது. ஆனால் இடப்பெயர் என்று குறித்துவிட்டால் போதுமா? எந்த இடம் என்று சொல்லணும் இல்லையா? அதற்காக இடங்களுக்கென்று தனியாக ஒரு கோப்பு. அதில் இடத்துக்கு ஒரு பதிவு, பதிவுக்கு ஓர் அடையாளக்குறி. ஆவணத்தில் 'பலியகாட்டா' வருகிற இடத்தில் 'ரெஃப்' என்ற பண்பைச் சேர்த்து, கோப்பின் பெயர், ஒரு ஹாஷ் குறி, பதிவின் அடையாளம் என்று வரிசையாக எழுதிவிடுவார்கள். நூறு ஆவணங்களில் நூறு விதமாக எழுதப்பட்டிருந்தாலும் எல்லாம் ஒரே பதிவைச் சுட்டும். மூலத்தின் எழுத்தைத் திருத்த வேண்டியதில்லை. மறுதிசையிலும் இது உதவும். பழவேற்காட்டில் ஒரு கோட்டைக்குப்பம் இருக்கிறது. புதுச்சேரியை ஒட்டி ஒரு கோட்டக்குப்பம். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று, பதிவுகள் இரண்டு.

குமாஸ்தா வேலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயற்கையானதல்ல என்று சசூரை வைத்துக்கொண்டு நாம் நிறையப் பேசியாயிற்று. அந்த உறவை இங்கே ஒருவர் உட்கார்ந்து, இடம்விட்டு இடம், கையால் நிலைநிறுத்துகிறார். ஆக, ஒவ்வொரு இணைப்பும் ஒரு வாசிப்பு. வாசிப்பு என்பதாலேயே அது தவறலாம், அதிகாரமும் செலுத்தலாம்.

ஓர் உதாரணம். 1657இல் பட்டேவியாவிலிருந்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு ஒரு பெண் தண்டனைக் கைதியாக வந்து சேர்ந்தாள். ஆவணங்களில் அவள் பெயர் க்ரோட்டெ கத்ரெய்ன், அதாவது பெரிய கத்ரீன், ஊர் பலியகாட்டா. கத்ரீன், காத்தரினா என்ற பெயர்களில் முனையில் வேறு பெண்களும் இருந்தார்கள். அடிமைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'வங்காளத்து', 'கரையோரத்து' என்று வந்த திசையே பெயரின் பின்பாதி. இரண்டு காத்தரினாக்களை ஒரே பதிவில் இணைத்தால் ஒருத்தி வரலாற்றிலிருந்து காணாமல் போவாள். ஒருத்தியை இரண்டு பதிவாக்கினால், வாழாத ஒருத்தி பிறந்துவிடுவாள். கத்ரெய்ன் ஆவதற்கு முன் அவளை அவள் அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டாள்? அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதுதான் நேர்மை.

இது போன நூற்றாண்டுகளின் சங்கதி மட்டுமல்ல. ஏரியின் தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அரசின் கோப்பில் அந்தத் தண்ணீர் சரணாலயம். பட்டினவர் குப்பங்களில் அதே தண்ணீர் 'பாடு': எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறைவைத்துக்கொள்ளும் உரிமை. பாடு என்பதைச் சரணாலயத்தின் வட்டார வழக்கு என்று கருதி ஒரே பதிவில் இணைத்துப் பாருங்கள். இணைப்பு ஒழுங்காக வேலை செய்யும். உரிமை காணாமல் போகும். இன்னொன்றையும் சேர்த்தே சொல்லணும். பாடு முறையிலும் எல்லாருக்கும் இடம் கிடையாது. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கு அதில் முறை இல்லை, பெண்களுக்கும் இல்லை. தாங்கள் தடவுகிற தண்ணீரை அவர்கள் என்ன பெயரிட்டுச் சொல்கிறார்கள் என்பதை எந்தக் கோப்பில் தேடுவது?

டிஇஐ விதிகளில் இன்னும் இரண்டு பண்புகள் உண்டு. 'ரெஸ்ப்' என்பது இந்த இணைப்புக்குப் பொறுப்பு யார் என்பதைச் சொல்லும். 'செர்ட்' என்பது எவ்வளவு உறுதி என்பதைச் சொல்லும். இரண்டும் கட்டாயமல்ல, எழுதாமல் விட்டாலும் கோப்பு செல்லும். ஆனால் எழுதாமல் விடும்போது, ஒருவருடைய வாசிப்பு யாருடையதும் அல்லாத உண்மையாக வேஷம் போட்டுக்கொள்கிறது. நம் ஊர்களைப் பதிகிறவர்களாவது இவற்றைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும் என்பேன். சந்தேகம் இருந்தால் பதிவுகளைக் கலக்காமல் தனித்தனியாக வைத்து, இடையிலுள்ள உறவை மட்டும் எழுதலாம். குப்பத்துக்குப் போய்க் கேட்கலாம். சொன்னவர் சம்மதித்தால் 'ரெஸ்ப்'பில் அவர் பெயரே வரட்டும். இல்லையென்றால், டச்சுக்காரன் எழுதிவைத்துப் போன பலியகாட்டாவைத்தான் நாமும் புதிய குறிகளுக்குள் எழுதிக்கொண்டிருப்போம்.