அச்சுச் சிதைவும் காசுப் பிழையும்

காசுகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் முதற்கண் தெளிய வேண்டுவது ஒன்றுண்டு. காசின்மேற் காணப்படும் எழுத்தும் உருவும் அதனை வெளியிட்டோர் கருதியவையே எனக் கோடல் எல்லாவிடத்தும் பொருந்தாது. கருதாதனவும் அங்கு இடம்பெறும். கருதியவை விடுபட்டும் போகும். ஏடெழுதுவோர் செய்த பிழையை நூலாசிரியர்மேல் ஏற்றிப் பொருளுரைக்கப் புகுந்தால் என்ன இடர் நேருமோ, அதுவே காசாராய்ச்சியிலும் நேர்தல் கூடும். ஈண்டு அச்சுச் சிதைவால் விளையும் பிழைகளை மட்டும் நோக்குவாம்.

காசடித்தற்கு எஃகு அச்சுகள் இரண்டு வேண்டும். ஒன்று முன்பக்கத்திற்கு உரியது. மற்றொன்று பின்பக்கத்திற்கு உரியது. இரண்டிற்கும் இடையே வெறும் உலோக வில்லையினை வைத்து அழுத்த, இருபுறத்தும் ஒருங்கே உருப்பதியும். அச்சில் குழிந்திருப்பது காசில் மேடாகும். அச்சில் மேடாயிருப்பது காசில் குழியும். இவ்வெளிய முறைமாற்றத்தை மனத்திற் கொண்டால் பிழைகளுட் பெரும்பாலன தாமே விளங்கும். அச்சில் வெடிப்பு உண்டாயின் உலோகம் அதனுட் புகுந்து காசின்மேல் மெல்லிய மேட்டுக் கோடாய் எழும். அச்சின் விளிம்பு உடைந்து வீழ்ந்தால் அவ்விடத்தே எழுத்தின்றி வெறுந் திரடு தோன்றும். எண்ணெய்ப் பிசுக்கும் துகளும் குழிகளில் அடைந்தால் எழுத்து மங்கும். முற்றும் மறைதலும் உண்டு. வில்லை வந்து சேராத வேளையில் அச்சுகள் ஒன்றோடொன்று மோத, ஒன்றன் உருவம் மற்றதில் வடுவாய்ப் படியும். அவ்வடுவைப் போக்க அச்சின் மேற்பரப்பைத் தேய்ப்பர். தேய்க்குந்தோறும் பரப்புத் தாழ்கின்றமையின் ஆழங் குறைந்த குழிகளும் வடுவோடு சேர்ந்து மறையும். திருத்தப் புகுந்தது சிதைவாய் முடிவது இங்கேதான்.

அமெரிக்க நாட்டு டென்வர் நகரத்து அக்கசாலையில் 1937-இல் அடிக்கப்பெற்ற ஐந்து சென்ட் காசொன்று இதற்குத் தக்க சான்று. சிற்பி ஜேம்ஸ் எர்ல் பிரேசர் வடித்த இவ்வகைக் காசு 1913-இல் முதன்முதல் வெளிவந்தது. அதன் பின்பக்கத்தில் காட்டெருமை ஒன்று நிற்கும். அச்சினை மிகையாகத் தேய்த்தமையால் விலங்கின் முன்கால்களுள் ஒன்று மறைந்து, குளம்பு மட்டும் நிலத்தின்மேல் எஞ்சியது. மூன்றுகால் எருமைக் காசு எனப் புகழ்பெற்ற இது ஆராய்ச்சியாளரை ஏமாற்றுவதன்று. எருமைக்குக் கால் நான்கு என்பதைக் குழந்தையும் அறியுமன்றோ!

எழுத்து மறைவது அத்தகையதன்று. அந்நாட்டில் 1922-ஆம் ஆண்டில் ஒரு சென்ட் காசு அடித்தது டென்வர் அக்கசாலை ஒன்றே, அடித்தவை 71,60,000. ஆண்டினைக் குறிக்கும் எண்ணின்கீழ் ‘டி’ என்னும் ஆங்கில எழுத்து அவ்வக்கசாலையின் குறியாகப் பொறிக்கப்பெறும். பிலடெல்பியா அக்கசாலையின் சென்ட் காசுகளிலோ அக்காலத்தில் குறியெழுத்து எதுவும் இல்லை. ஆயின், ‘டி’ இல்லாத 1922-ஆம் ஆண்டுக் காசுகள் கிடைக்கின்றன. காசினை மட்டும் நோக்குவார் அவற்றைப் பிலடெல்பியாவிற்கு உரியன என்பர். குறியின்மை பிலடெல்பியாவின் அடையாளம் என்ற அவர்தம் அடிப்படை சரியே, முடிபுதான் தவறு. ஆண்டுக்கணக்கு இல்லாதிருப்பின் அத்தவற்றை எளிதில் உணர்ந்திருக்க இயலாது. பழங்காசுகள் பலவற்றிற்கு அத்தகைய கணக்கு நமக்குக் கிட்டவில்லை என்பதை இங்கு நினைத்தல் வேண்டும்.

கணக்கில்லாவிடத்தும் காசுகளே ஓரளவு வழிகாட்டும். 1922-ஆம் ஆண்டுக் காசுகள் சிலவற்றில் ‘டி’ முற்றும் மறையாது நிழல்போல் தெரிகின்றது. முழுவெழுத்து, மங்கிய எழுத்து, எழுத்தின்மை என நிற்கும் இவ்வரிசையில் இடைநின்ற மங்கற் காசே வலிய சான்று என்பது எம் கருத்து. வேறொரு வகையில் முன்பக்கம் மழுங்கி எழுத்தின் சுவடேயின்றி இருக்க, பின்பக்கத்துக் கோதுமைக் கதிர்கள் கூர்மையாய் விளங்குகின்றன. மோதுண்ட அச்சுகளுள் முன்பக்க அச்சினைத் தேய்த்துப் பயன்படுத்தி, பின்பக்கத்திற்குப் புதிய அச்சினைப் பொருத்தியிருத்தல் வேண்டும் என அறிஞர் இதனை விளக்குவர்.

ஏட்டுச் சுவடியோடு ஒப்பிடுங்கால் ஒரு வேற்றுமையும் புலப்படும். ஓர் ஏட்டினைப் பதின்மர் படியெடுத்தால் ஒவ்வொருவரும் தத்தம் பிழையைப் புதிதாகச் சேர்ப்பர். அச்சோ தன் குறையை ஒரே இடத்தில், ஒரே வடிவில், தான் அடிக்கும் காசுகளுக்கெல்லாம் வழங்கும். வெடிப்பு நாளடைவில் நீளும் இயல்பினது. ஆதலின் கோடு குறுகிய காசு முந்தியது, நீண்டது பிந்தியது என வரிசைப்படுத்தலாம். கையால் அடித்த கிரேக்க, உரோமானியக் காசுகளின் முறைவைப்பை அறியவும் இது துணைசெய்கின்றது. ஒரு காசில் மட்டும் காணும் குழிந்த கீறல் பெரும்பாலும் புழக்கத்தில் நேர்ந்த ஊறேயாம். அதற்கு அச்சின்மேல் பழியில்லை.

பொருளாசையாலும் இவ்வேறுபாட்டை அறியவேண்டிய தேவை மிகுந்துள்ளது. ‘டி’ எழுத்தினைச் சுரண்டியும், எருமையின் காலைச் செதுக்கியும் போலிகள் செய்வோர் உளர். மெய்யான மூன்றுகால் எருமைக் காசில், விலங்கின் வயிற்றின் கீழிருந்து நிலம்வரை சிறு புள்ளிகள் மேடாய் நிரல்பட்டு நிற்கும். அவை அச்சிலிருந்த குறையால் எழுந்தவை. காலைச் செதுக்கியெடுத்த காசில் அப்புள்ளிகள் இரா.