எஞ்சின் லைட் எரிந்தால்: பாகம் வாங்க முன் குறியீட்டை வாசியுங்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில், தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. தடை நீங்கினாலும், வரியோடு சேர்ந்த விலை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. எனவே எம்மில் பலர் இருபது வருடப் பழைய கார்களிலேயே பிள்ளைகளைப் பாடசாலைக்கும் பெற்றோரை வைத்தியசாலைக்கும் கொண்டு செல்கிறோம். அந்தக் கார்களின் டேஷ்போர்டில் எரியும் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு பல வீடுகளின் மாதச் செலவைக் குழப்பி விடுகிறது. அது என்ன சொல்கிறது என்று விளங்கிக் கொண்டால் அந்தச் செலவில் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். ஒயில் குவளை வடிவிலோ வெப்பமானி வடிவிலோ சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். மஞ்சள் எஞ்சின் விளக்கு மின்னாமல் ஒரே சீராக எரிந்து, காரும் வழமைபோல் ஓடினால், பதற்றப்படாமல் வீடு சேரலாம். ஆனால் ஓரிரு நாட்களுக்குள் பரிசோதிக்க வேண்டும். அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால் விடயம் வேறு. ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியாமல் வெளியேறுகிறது என்பது அதன் பொருள். அந்தப் பெற்றோல் சைலன்சர் குழாயிலுள்ள கெட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குள் எரிந்து அதை அழித்துவிடும். மாற்றுவதற்கு மிகவும் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. ஆகவே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, கணினியில் பதிவான குறியீட்டை வாசிப்பது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சொக்கெட் இருக்கும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய புளூடூத் கருவியை அதில் செருகினால் கைத்தொலைபேசியிலேயே குறியீடு தெரியும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட சில கார்களுடன் மலிவான கருவிகள் பேசாது. அவற்றுக்குக் கராஜிலுள்ள ஸ்கேன் மெஷின் தேவை. தொண்ணூறுகளின் பல டொயோட்டா கார்களில், பொனெட்டுக்குள் இருக்கும் பரிசோதனைப் பெட்டியின் உரிய இரு முனைகளை இணைத்தால் விளக்கே மின்னி எண்ணைச் சொல்லும். இரண்டு மின்னல், ஓர் இடைவெளி, பின்னர் ஐந்து மின்னல் என்றால் குறியீடு 25. தவறான முனைகளை இணைத்தால் சேதம் வரும் என்பதால் அதைப் பழகியவர் செய்வதே நல்லது.

இனித்தான் முக்கியமான பாடம். குறியீடு சொல்வது நோயின் அறிகுறியை. எந்தப் பாகம் பழுது என்று அது சொல்வதில்லை. பி 0171 என்று வந்தால், எஞ்சினுக்குள் போகும் காற்றுக்குப் பெற்றோல் போதவில்லை என்று பொருள். உடனே ஒட்சிசன் சென்சரை மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல் காட்டிய வெப்பமானியை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவது போன்றது அது. எமது வெயிலில் வெடித்துப் போன ரப்பர் குழாய் ஒன்றினால் காற்று கசியலாம். காற்றின் அளவைப் பார்க்கும் சென்சரில் தூசி படிந்திருக்கலாம். பெற்றோல் பம்ப் பலவீனமாகியிருக்கலாம். எலி வயரைக் கடித்திருக்கவும் கூடும். செலவில்லாததை முதலில் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது உஸ் என்ற சத்தம் கேட்கிறதா? குழாய்களில் வெடிப்பு உண்டா? காற்றுச் சென்சரை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயினால் மட்டும் கழுவ வேண்டும். துணியோ பிரஷ்ஷோ படக்கூடாது.

பி 0301 என்றால் முதலாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. 121 கொரோலா போன்ற கார்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் கொயில் உண்டு. எனது காருக்கு இது வந்தபோது ஒரு கராஜில் நான்கு கொயில்களையும் மாற்றச் சொன்னார்கள். விஞ்ஞானப் பாடத்தில் நாம் படிப்பிப்பது ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்பதுதானே? எஞ்சின் ஆறிய பின் முதலாம், இரண்டாம் சிலிண்டர்களின் கொயில்களை இடம் மாற்றி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். இம்முறை வந்தது பி 0302. பழுது கொயிலோடு இடம் மாறியது. ஆகவே பழுது அந்த ஒரு கொயிலில்தான். ஒன்றை மாத்திரம் வாங்கிப் போட்டதோடு விளக்கு அணைந்தது. குறியீடு இடம் மாறாதிருந்தால் அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றிப் பார்க்க வேண்டும். அதன் பிறகே இன்ஜெக்டர், கொம்ப்ரஷன் என்று போக வேண்டும்.

பெற்றரியைக் கழற்றி விளக்கை அணைப்பது வைத்தியம் ஆகாது. பழுது அப்படியே இருக்க, அது எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில் வந்தது என்ற பதிவும் சேர்ந்து அழிந்துபோகும். ஆகவே அழிக்க முன் குறியீட்டைப் படம் பிடித்து வையுங்கள். எரியாத பெற்றோலோடு ஓடும் கார் வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் தோற்கக்கூடும்.

கராஜுக்குப் போனால் மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன குறியீடு வந்தது? இந்தப் பாகம்தான் பழுது என்று எப்படி உறுதி செய்தீர்கள்? கழற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா? நேர்மையான மெக்கானிக் இவற்றுக்குக் கோபிக்க மாட்டார். எமது ஊர்களில் அப்படியானவர்கள் நிறையவே இருக்கிறார்கள். தேடிப் பிடித்து அவர்களிடமே போவோம்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓன் செய்யுங்கள். மஞ்சள் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே அது எரியவில்லை என்றால், பல்பு பழுதாக இருக்கலாம், அல்லது யாரோ அதைக் கழற்றியிருக்கலாம். குறையை மறைத்து விற்பது என்னவென்று எமது வாசகர்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. வாங்குபவர் ஒரு நிமிடம் செலவழித்துப் பார்த்துக்கொண்டால் அந்த ஏமாற்றுக்கு இடமிருக்காது.