ஊசி ஒடிந்தால் எண்ணிப் பாருங்கள்!

பொத்தான் தைக்கும் கை ஊசியையும் தையல் மெஷின் ஊசியையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கை ஊசிக்குக் காது தடித்த முனையில் இருக்கும். மெஷின் ஊசிக்கோ கூர்முனைக்குப் பக்கத்திலேயே காது! ஏன் இப்படி?

கை ஊசி துணிக்குள் புகுந்து முழுவதுமாக மறுபக்கம் வந்துவிடும். மெஷின் ஊசி அப்படி வர முடியாது. அதன் மேல்பாகம் மெஷினில் திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறது. நுனி மட்டும் துணிக்குள் இறங்கி நூலைக் கீழே கொண்டுபோகும். ஊசி மேலே ஏறத் தொடங்கியதும் நூல் சிறு வளையமாக விரியும். கீழே இருக்கும் ஷட்டில் அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் நூலோடு கோத்துவிடும். இதுதான் மெஷின் தையலின் ரகசியம். அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரத்திலும் நுனியில் காதுள்ள ஊசிதான் இருந்தது.

எந்தத் துணிக்கு எந்த ஊசி?

ஊசிப் பாக்கெட்டில் 90/14 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுமே ஊசியின் தடிமனைத்தான் சொல்கின்றன. 90-ஐ 100-ஆல் வகுத்தால் 0.9 வருகிறது அல்லவா? ஊசித் தண்டின் தடிமன் 0.9 மில்லிமீட்டர்! கடையில் '14 நம்பர் ஊசி' என்று கேட்டால் போதும். எண் கூடக்கூட ஊசி தடிக்கும்.

* மெல்லிய பட்டு, வாயில் துணி: 9 அல்லது 11
* சட்டை, பாவாடைக்கான சாதாரணப் பருத்தித் துணி: 14
* ஜீன்ஸ் போன்ற தடித்த துணி: 16
* கித்தான் பை போன்ற மிகத் தடித்த துணி: 18
* பனியன் துணி: பால் பாயிண்ட் ஊசி. இதன் நுனி சற்று உருண்டையாக இருக்கும். இழையை அறுக்காமல், விலக்கிக்கொண்டு உள்ளே போகும்.

மெல்லிய துணியில் தடித்த ஊசி ஓட்டை போடும். தடித்த துணியில் மெல்லிய ஊசி வளையும். வளைந்த ஊசி இரும்புத் தகட்டில் மோதினால் 'டக்'கென்று ஒடிந்து தெறிக்கும். கண்ணில் பட்டால் என்ன ஆகும்? அதனால்தான் சரியான ஊசி முக்கியம்.

ஊசி மாற்றும்போது

இதைப் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். மோட்டார் இருந்தால் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மிதியில் கால் இருக்கக் கூடாது. ஊசிக்குக் கீழே ஒரு காகிதத்தை விரித்துக்கொண்டால், நழுவும் ஊசி மெஷின் துவாரத்துக்குள் விழாது.

வீட்டு மெஷின் ஊசியின் மேல்பாகத்தில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் நீண்ட பள்ளம் ஒன்று ஓடும். நூல் அந்தப் பள்ளத்தின் வழியாக இறங்கி, அதே பக்கத்திலிருந்துதான் காதுக்குள் நுழைய வேண்டும். ஊசியை முட்டும்வரை மேலே தள்ளித் திருகாணியை இறுக்குங்கள்.

ஊசி நேராக இருக்கிறதா என்று எப்படி அறிவது? தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடி மேல் வையுங்கள். ஊசிக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி நெடுக ஒரே அளவாக இருந்தால் ஊசி நேர்தான்.

தைக்கும்போது துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். குண்டூசியின் மேல் தைக்காதீர்கள். ஊசியை ஒருபோதும் வாயில் கவ்வாதீர்கள்.

ஒடிந்துவிட்டால்?

திருப்பூரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளிநாடுகளுக்கு ஆடை அனுப்பும் ஆலைகளில் ஒரு கண்டிப்பான நடைமுறை உண்டு. ஊசி ஒடிந்தால் தையலை நிறுத்தி, எல்லாத் துண்டுகளையும் தேடிச் சேர்த்து, பதிவேட்டில் ஒட்ட வேண்டும். பிறகுதான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும், அங்கிருந்த ஆடைகளை உலோகம் கண்டறியும் கருவியில் செலுத்திச் சோதிப்பார்கள்.

ஒரு சின்னத் துண்டுக்கு இத்தனை பாடா என்று தோன்றுகிறதா? அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளப் போவது ஒரு கைக்குழந்தையாக இருக்கலாம். குத்துகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அழ மட்டுமே தெரியும்.

அதே நடைமுறை நம் வீட்டுக்கும் வேண்டும். துண்டுகளைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி, துணி மீதும் தரை மீதும் நகர்த்துங்கள். துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, முழு ஊசியும் வந்துவிட்டதா என்று பாருங்கள். விரலில் ஊசி ஏறினால் மறைக்காமல் உடனே பெரியவரிடம் சொல்லுங்கள். சிறு குத்தானால் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். துண்டு உள்ளே இருந்தால் நோண்டக் கூடாது. மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இன்று உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இறுக்கமான மூடியுள்ள காலி மாத்திரை டப்பா ஒன்றை எடுத்து, 'பழைய ஊசி' என்று எழுதி ஒட்டுங்கள். அதை வீட்டில் தைப்பவரிடம் கொடுங்கள். ஒடிந்த ஊசியும் மழுங்கிய ஊசியும் இனி அதற்குள்தான் போக வேண்டும். குப்பையை வெறுங்கையால் அள்ளும் தூய்மைப் பணியாளரின் விரலையும் நீங்கள் காப்பாற்றியிருப்பீர்கள். செய்வீர்கள்தானே?