தொடரணுகல் பட்டியலை வகுப்பாக அமைத்தல்

அறிமுகம்

மாணவர்களே, தரவுக் கட்டமைப்புப் பகுதியிலிருந்து இணைத்த பட்டியல் பற்றிய வினா வந்தால் பலர் வரைவிலக்கணத்தை எழுதி, பெட்டிகளும் அம்புக்குறிகளும் கொண்ட ஒரு படத்தை வரைந்துவிட்டு நின்றுவிடுகின்றனர். வரைவிலக்கணத்துக்குக் கிடைப்பது ஓரிரு புள்ளிகளே. மீதிப் புள்ளிகள் செருகல், நீக்கல், நடந்து செல்லல் ஆகிய செயல்களுக்கு உரியவை. இச்செயல்களில் இரண்டு வரிகள் இடம் மாறினால் பட்டியலின் மீதிப்பகுதி முழுவதும் தொலைந்துவிடும். கணினியும் எந்தப் பிழைச் செய்தியும் தராது. இது ஏன் நிகழ்கிறது, வகுப்பு என்னும் அமைப்பு அதனை எவ்வாறு தடுக்கிறது என்பவற்றை இப்பாடத்தில் நோக்குவோம்.

1. எழுமாற்று அணுகலும் தொடரணுகலும்

அணி ஒன்றின் உருப்படிகள் நினைவகத்தில் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. ஆகவே எந்த உருப்படியின் முகவரியையும் ஒரு கணக்கால் பெறலாம். அணி 2000 என்னும் முகவரியில் தொடங்கி, ஓர் உருப்படி 4 பைற்று இடம் பிடிப்பின், சுட்டெண் 7 இல் உள்ள உருப்படியின் முகவரி 2000 + 7 × 4 = 2028 ஆகும். சுட்டெண் 7 ஆயினும் 700 ஆயினும் கணக்கு ஒன்றே. இது எழுமாற்று அணுகல் எனப்படும்.

இணைத்த பட்டியலில் இவ்வசதி இல்லை. அதன் உருப்படிகள் நினைவகத்தில் சிதறிக் கிடக்கலாம். ஒவ்வோர் உருப்படியும் தனக்கு அடுத்தது எது என்பதை மட்டும் அறியும். எட்டாவது உருப்படி வேண்டுமாயின் முதலாவதில் தொடங்கி ஏழு தடவை அடுத்ததற்குச் செல்ல வேண்டும். இது தொடரணுகல் எனப்படும்.

தமிழ் பாடம் கற்போருக்கு அந்தாதி நினைவுக்கு வரலாம். ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் முதலாக அமைவதால், ஒரு பாடலை முடித்தவர் அடுத்ததைக் கண்டுகொள்கிறார். ஏடுகள் கலைந்தாலும் ஒழுங்கை மீட்கலாம். இறுதிப் பாடலின் ஈறு முதற்பாடலின் தொடக்கத்துக்கே வந்து சேர்வதை மண்டலித்தல் என்பர். கடைசிக் கணு முதற்கணுவைச் சுட்டும் வட்டப் பட்டியலும் இதைப் போன்றதே. இப்பாடத்தில் நாம் நோக்குவது மண்டலிக்காத, ஒருவழிப் பட்டியலை.

2. கணு வகுப்பு

பட்டியலின் ஓர் உருப்படியும் அதனுடன் சேர்ந்த இணைப்பும் கணு எனப்படும். கணுவை ஒரு வகுப்பாகப் பின்வருமாறு எழுதலாம்.

வகுப்பு கணு
  பண்பு தரவு
  பண்பு அடுத்தது
  ஆக்கி(த)
    தரவு ← த
    அடுத்தது ← வெற்று
வகுப்பு முடிவு

"அடுத்தது" என்னும் பண்பின் வகையும் கணுவே என்பதைக் கவனிக்க. ஒரு கணுவுக்குள் இன்னொரு கணு அடங்கியிருப்பதாக இதற்குப் பொருளன்று. அப்பண்பில் இருப்பது மற்றக் கணுவுக்கான சுட்டு மாத்திரமே. ஜாவா, பைதன் ஆகிய மொழிகளில் "அ ← ஆ" என ஒரு பொருளை ஒப்படைக்கும்போது பொருள் பிரதி செய்யப்படுவதில்லை. இரண்டு பெயர்களும் ஒரே பொருளைச் சுட்டுகின்றன. இவ்வொன்றை விளங்கிக்கொண்டால் இப்பாடத்தின் பாதி விளங்கிவிடும்.

வெற்று என்பது "இதற்குமேல் எதுவும் இல்லை" என்பதற்கான அடையாளம். வெற்றுச் சுட்டை 1965 இல் அல்கோல் டபிள்யூ மொழிக்கென அறிமுகப்படுத்தியவர் ரொனி ஹோர். 2009 இல் ஆற்றிய உரையொன்றில் அவரே அதனைப் பில்லியன் டொலர் பெறுமதியான தவறு எனக் குறிப்பிட்டார். வெற்றைச் சோதிக்காமல் அதன் பண்பைக் கேட்கும் செய்நிரல் ஓட்டத்தின் நடுவே நின்றுவிடும் என்பதே காரணம்.

3. பட்டியல் வகுப்பு

கணுக்களைத் தொடுத்தால் மட்டும் போதாது. தொடக்கம் எது என்பதை ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதுவே பட்டியல் வகுப்பின் வேலை.

வகுப்பு பட்டியல்
  அந்தரங்கப் பண்பு தலை ← வெற்று
  அந்தரங்கப் பண்பு எண்ணிக்கை ← 0
  முறை முன்சேர்(த)
    புதியது ← புதிய கணு(த)
    புதியது.அடுத்தது ← தலை
    தலை ← புதியது
    எண்ணிக்கை ← எண்ணிக்கை + 1
வகுப்பு முடிவு

தலை ஏன் அந்தரங்கப் பண்பாக இருக்க வேண்டும்? வெளியிலுள்ள செய்நிரல் "தலை ← வெற்று" என ஒரு வரி எழுத முடியுமாயின், ஆயிரம் உருப்படிகளும் அந்த ஒரு வரியில் போய்விடும். எண்ணிக்கை மட்டும் 1000 என்றே நிற்கும். தலையையும் எண்ணிக்கையையும் வகுப்பின் முறைகள் மாத்திரமே மாற்றலாம் என வரையறுத்தால் இவ்விரண்டும் எப்போதும் ஒத்திருக்கும். உறைபொதியாக்கம் என்பதற்கு உதாரணம் கேட்டால் இதனை எழுதலாம்.

4. நடுவில் செருகல்

வடக்குப் புகையிரதப் பாதையின் சில நிலையங்களைத் தரவாகக் கொள்வோம். (எல்லா நிலையங்களும் இங்கு இல்லை.)

வவுனியா → கிளிநொச்சி → யாழ்ப்பாணம் → வெற்று

வவுனியாவுக்குப் பின் மாங்குளத்தைச் செருக வேண்டும். அதற்கான முறை வருமாறு:

முறை பின்செருகு(தேடு, த)
1. நடப்பு ← தலை
2. நடப்பு ≠ வெற்று ஆகவும், நடப்பு.தரவு ≠ தேடு ஆகவும் இருக்கும்வரை
3.   நடப்பு ← நடப்பு.அடுத்தது
4. நடப்பு = வெற்று எனின் "பொய்" எனத் திருப்பு
5. புதியது ← புதிய கணு(த)
6. புதியது.அடுத்தது ← நடப்பு.அடுத்தது
7. நடப்பு.அடுத்தது ← புதியது
8. எண்ணிக்கை ← எண்ணிக்கை + 1
9. "மெய்" எனத் திருப்பு

6 ஆம் வரியில் மாங்குளம் கிளிநொச்சியைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பின்னரே 7 ஆம் வரியில் வவுனியா கிளிநொச்சியை விட்டு மாங்குளத்தைப் பிடிக்கிறது.

இவ்விரு வரிகளும் இடம் மாறினால் என்ன நடக்கும்? முதலில் வவுனியாவின் அடுத்தது மாங்குளம் ஆகிவிடும். பின்னர் "புதியது.அடுத்தது ← நடப்பு.அடுத்தது" என்னும் வரி வரும்போது நடப்பு.அடுத்தது என்பது மாங்குளமே. எனவே மாங்குளம் தன்னைத் தானே சுட்டும். பட்டியலை அச்சிட்டால் வவுனியா, மாங்குளம், மாங்குளம், மாங்குளம் என முடிவின்றி வரும். கிளிநொச்சியையும் யாழ்ப்பாணத்தையும் சுட்டுவதற்கு எவரும் இல்லை. நினைவகத்தில் அவை இருந்தாலும் அங்கு செல்ல வழி இல்லை.

விதி: புதிய கணு முதலில் பின்னாலுள்ளதைப் பிடிக்கட்டும், பழைய கணு பிறகு கையை விடட்டும்.

2 ஆம் வரியில் வெற்றுச் சோதனை முதலில் வருவதற்கும் காரணம் உண்டு. முதல் நிபந்தனை பொய்யாயின் இரண்டாவதை ஜாவாவும் பைதனும் பார்ப்பதில்லை. ஒழுங்கை மாற்றி எழுதினால், தேடும் பெயர் பட்டியலில் இல்லாதபோது வெற்றிடம் தரவைக் கேட்க நேரிட்டு வழு ஏற்படும்.

5. நீக்கல்

ஒரு கணுவை நீக்குவதற்கு அதற்கு முந்திய கணு தேவை. ஒருவழிப் பட்டியலில் பின்னோக்கிச் செல்ல முடியாது. ஆகவே நடந்து செல்லும்போதே "முந்தியது", "நடப்பு" என இரண்டு மாறிகளை ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்த வேண்டும். நீக்க வேண்டிய கணுவில் நடப்பு நிற்கும்போது,

முந்தியது.அடுத்தது ← நடப்பு.அடுத்தது

என்பது போதுமானது. நீக்க வேண்டியது முதற்கணுவாயின் அதற்கு முந்தியது இல்லை. அப்போது "தலை ← தலை.அடுத்தது" என எழுத வேண்டும். இவ்விரு சந்தர்ப்பங்களையும் பிரித்துக் காட்டாத விடை முழுமையானதன்று. நீக்கியபின் எண்ணிக்கையை ஒன்றால் குறைக்கவும் மறத்தல் கூடாது.

எவராலும் சுட்டப்படாத கணுவின் இடத்தை ஜாவா தானாகவே மீட்டுக்கொள்ளும். சி பிளஸ் பிளஸ் மொழியில் சாதாரணச் சுட்டிகளைக் கொண்டு எழுதும்போது அதனைச் செய்நிரலாளரே விடுவிக்க வேண்டும்.

6. நடந்து செல்லல்

நடப்பு ← தலை
நடப்பு ≠ வெற்று ஆக இருக்கும்வரை
  நடப்பு.தரவு என்பதை அச்சிடு
  நடப்பு ← நடப்பு.அடுத்தது

இங்கு இரு தவறுகள் அடிக்கடி காணப்படுகின்றன. ஒன்று, நடப்பு என்னும் மாறியைப் பயன்படுத்தாமல் தலையையே நகர்த்துவது. அச்சிட்டு முடியும்போது தலை வெற்றாகி, பட்டியல் போய்விடும். மற்றையது, "நடப்பு.அடுத்தது ≠ வெற்று" என நிபந்தனை எழுதுவது. இதனால் கடைசி உருப்படி விடுபடும். பட்டியல் வெறுமையாயின் வழுவும் ஏற்படும்.

தலை அந்தரங்கமானது என்றோம். அவ்வாறாயின் வெளியிலுள்ள செய்நிரல் பட்டியலை எப்படி வாசிப்பது? "பெறு(இடம்)" என ஒரு முறையை வழங்கலாம். ஆனால் அது ஒவ்வொரு தடவையும் தலையிலிருந்தே நடக்கத் தொடங்கும். இடம் 0 க்கு நடை இல்லை. இடம் 1 க்கு ஒரு நடை. இடம் 999 க்கு 999 நடை. ஆயிரம் உருப்படிகளையும் இவ்வாறு வாசித்தால் மொத்தம் 999 × 1000 ÷ 2 = 499,500 நடைகள். நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு தொடர்ந்து நடந்தால் 999 நடைகளே போதும்.

நின்ற இடத்தை நினைவில் வைத்திருக்கும் பொருளே இற்றரேற்றர் எனப்படும். புத்தகத்தில் வைத்த அடையாளத் தாளைப் போன்றது அது. அதற்கு இரண்டு முறைகள் போதும்: "இன்னும் உண்டா?", "அடுத்ததைத் தா". தலை மறைந்தே இருக்கும். வாசிப்பவருக்கும் வேலை நடக்கும்.

7. அணியா, பட்டியலா?

1000 உருப்படிகள் உள்ள அணியின் தொடக்கத்தில் ஒன்றைச் சேர்க்க, 1000 உருப்படிகளையும் ஓரிடம் தள்ள வேண்டும். பட்டியலிலோ இரண்டு சுட்டுகளை மாற்றினால் போதும். ஆனால் "பட்டியலில் செருகல் எப்போதும் விரைவானது" என எழுதுதல் தவறு. செருகும் செயல் விரைவானது. செருக வேண்டிய இடத்தைத் தேடி நடப்பது விரைவானதன்று. மேலும், அடுத்தடுத்து வைக்கப்பட்ட தரவுகளை இன்றைய கணினிகள் மிக விரைவாக வாசிப்பதால், முழுவதையும் வாசிக்கும் வேலையில் அணியே பெரும்பாலும் முந்தும்.

பைதன் கற்போர் ஒன்றைக் கவனிக்க. அம்மொழியில் பட்டியல் என வழங்குவது இணைத்த பட்டியல் அன்று. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைதனில் அது அணியை அடிப்படையாகக் கொண்டே அமைக்கப்பட்டுள்ளது. பெயரை நம்பி விடை எழுத வேண்டாம்.

8. வரலாற்றுக் குறிப்பு

இணைத்த பட்டியலை 1955-1956 காலப்பகுதியில் அலன் நியூவெல், கிளிஃப் ஷோ, ஹேர்பேட் சைமன் ஆகியோர் ஐபிஎல் என்னும் மொழியில் பயன்படுத்தினர். நோர்வேயைச் சேர்ந்த ஓலே யோஹான் டால், கிறிஸ்ரன் நிகார்ட் ஆகியோரின் சிமுலா 67 மொழி, வகுப்பு என்னும் கருத்தை அறிமுகப்படுத்தியது. பட்டியல்களைக் கையாள்வதற்கான சிம்செற் என்னும் ஆயத்த வகுப்பும் அம்மொழியுடனேயே வந்தது. ஜாவாவில் ஆயத்தமான இணைத்த பட்டியல் வகுப்பு 1998 இல் வெளிவந்த 1.2 பதிப்பில் சேர்ந்தது. அது இருவழிப் பட்டியலாகும்; ஒவ்வொரு கணுவும் முந்தியதையும் அறியும்.

9. விடையெழுதும்போது

நீங்கள் எழுதிய முறையை நான்கு சந்தர்ப்பங்களில் தாளில் ஓட்டிப் பாருங்கள்: வெறுமையான பட்டியல், ஒரே ஒரு கணு, முதற்கணு, கடைசிக் கணு. ஒவ்வொரு வரிக்கும் பின் அம்புகளை மீள வரைக. எந்தக் கணுவுக்கேனும் வரும் அம்பு இல்லாமற்போயின், நீங்கள் நீக்க எண்ணிய கணு அதுதானா எனக் கேட்டுப் பாருங்கள். இல்லையெனின் அவ்வரியிலேயே பிழை உள்ளது.

பயிற்சி

1. வெறுமையான பட்டியலொன்றில் முன்சேர் முறையால் அ, ஆ, இ என்பன முறையே சேர்க்கப்படுகின்றன. அச்சிட்டால் வரும் ஒழுங்கு யாது?
2. 200 கணுக்கள் உள்ள பட்டியலைப் பெறு(இடம்) முறையால் முழுவதும் வாசிக்கத் தேவையான நடைகள் எத்தனை?
3. பட்டியலொன்றின் இணைப்புகளைத் திருப்பி, கடைசிக் கணுவைத் தலையாக்கும் முறையை எழுதுக.

விடைகள்

1. இ, ஆ, அ.
2. 199 × 200 ÷ 2 = 19,900.
3. மூன்று மாறிகள் தேவை: முந்தியது, நடப்பு, பின்னையது. முந்தியது வெற்றாகவும் நடப்பு தலையாகவும் தொடங்குக. ஒவ்வொரு சுற்றிலும் பின்னையது ← நடப்பு.அடுத்தது, நடப்பு.அடுத்தது ← முந்தியது. முந்தியது ← நடப்பு. நடப்பு ← பின்னையது. நடப்பு வெற்றானதும் தலை ← முந்தியது. சுற்றின் முதல் வரியை விட்டுவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். செருகலில் கண்ட அதே விதி இங்கும் ஏன் தேவைப்படுகிறது என்பது விளங்கும்.