கப்பல் வாங்கிய கரிசல்காட்டு வக்கீல்

கரிசல்காட்டில் கடல் கிடையாது. கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரைக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போக வேண்டும். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைகிற, மழையை அண்ணாந்து பார்த்தே காலம் தள்ளுகிற பூமி இது. ஆனாலும் கப்பல் வாங்குவது எப்படி, வாங்கிய கப்பலை ஓட்டுவது எப்படி என்று பேச்சு வந்தால், இந்த மண்ணுக்குச் சொல்வதற்கு நிறைய உண்டு.

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையைக் கப்பலோட்டிய தமிழன் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கோவில்பட்டியில் வக்கீலாக இருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சிறைத் தண்டனையோடு பறிபோன வக்கீல் சன்னது, நீதிபதி வாலஸின் முயற்சியால் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்குத்தான் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். 1920களில் கோவில்பட்டிக்கு வந்து தொழில் நடத்தினார். 1932இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியை எதிர்த்து இரண்டு நீராவிக் கப்பல்களைக் கடலில் விட்ட மனிதர், கோவில்பட்டிக் கோர்ட்டில் கட்சிக்காரர்களுக்காக வாதாடிப் பிழைப்பு நடத்தினார்.

வாடகைக் கப்பல் கரை சேர்க்காது

1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. கரிசல் பருத்தி துறைமுகத்துக்குப் போக வழி பிறந்தது. ஆட்களும் போனார்கள். மழை பொய்த்த வருஷங்களில் இலங்கையின் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்கள், கொழும்பில் கடை வைத்தவர்கள், சரக்கெடுத்துப் போனவர்கள் என்று எல்லோருக்கும் தூத்துக்குடி–கொழும்பு மார்க்கம்தான் வாசல். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் போக்குவரத்து வரும்வரை நிலைமை அதுதான். அந்த வாசலின் சாவி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியிடம் இருந்தது.

அதை எதிர்த்து வ.உ.சி.யின் முயற்சியில் 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மூலதனம் 10 லட்ச ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்ச ரூபாய் கொடுத்து 8,000 பங்குகள் வாங்கினார். ஆசியர்களிடம் மட்டுமே பங்கு சேர்ப்பது, நம்மவர்களுக்குக் கப்பல் ஓட்டவும் கட்டவும் சொல்லிக்கொடுப்பது என்பவை சங்கத்தின் நோக்கங்கள்.

முதலில் கப்பலை வாங்கவில்லை. பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார்கள். எதிராளியான பிரிட்டிஷ் கம்பெனி நெருக்கியதும் அந்தக் கம்பெனி கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அவசரத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு கப்பலை அமர்த்திச் சமாளித்தார்கள். வாடகைக் கப்பலை நம்பி வியாபாரம் செய்ய முடியாது என்று வ.உ.சி.க்கு உறைத்தது அப்போதுதான். திரும்பினால் கப்பலோடு திரும்புவேன் என்ற வைராக்கியத்தோடு வடக்கே புறப்பட்டார். எஸ். வேதமூர்த்தி முதலியார் பிரான்ஸ் வரை போனார். 1907 மே மாதத்தில் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டு கப்பல்களும் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4,000 மூட்டை சரக்கும் ஏற்றலாம். 1,300 என்ற எண்ணைக் கவனியுங்கள். யாரை ஏற்றிப் போக அந்தக் கப்பல் வாங்கப்பட்டது என்பதை அதுவே சொல்லிவிடும்.

காற்றா, கரியா?

அன்றைக்குக் கடலில் போக இருந்த வழிகளை எண்ணிப் பார்க்கலாம். தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன. காற்றுக்குக் காசு கிடையாது. ஆனால் காற்று திரும்பினால் பயணமும் திரும்பும். கப்பல் எப்போது கிளம்பும், எப்போது சேரும் என்று ஆயிரம் பேருக்கு வாக்குக் கொடுத்துத் தொழில் நடத்துகிற கம்பெனிக்குப் பாய்மரம் சரிப்படாது.

நீராவி டர்பைன் அப்போதுதான் உலகத்தை வியக்க வைத்திருந்தது. சார்லஸ் பார்சன்ஸின் டர்பினியா படகு 1897இல் பிரிட்டிஷ் கடற்படை அணிவகுப்பில் எல்லோர் கண்ணெதிரிலும் பாய்ந்து ஓடியது. 1907இல் லூசிட்டானியா என்ற மாபெரும் பயணிகள் கப்பல் டர்பைனோடு அட்லாண்டிக்கைக் கடந்தது. ஆனால் டர்பைன், வேகமாக ஓடுகிற கப்பலுக்கே தோது. டீசல் எஞ்சினில் ஓடிய முதல் பெரிய கடல்கப்பலான செலாண்டியா 1912இல்தான் புறப்பட்டது. வ.உ.சி. சிறையிலிருந்து விடுதலையானதும் அதே வருஷம் டிசம்பரில்தான்.

ஆகவே 1907இல் கொழும்பு மார்க்கத்துக்குக் கப்பல் தேடியவர்களுக்குக் கரி எரித்துப் பழைய பிஸ்டன் எஞ்சினில் ஓடுகிற நீராவிக் கப்பல்தான் சரியான தேர்வு. ஆனால் அந்தத் தேர்வுக்குள் ஓயாத செலவு ஒன்று இருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் நிலக்கரி வாங்க வேண்டும். கொதிகலனுக்கு நன்னீர் வேண்டும். கரி அள்ளிப் போட ஆட்கள் வேண்டும். தூத்துக்குடிக் கரையோரம் ஆழமில்லாததால் கப்பல் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். அந்தப் படகுக்கும் கூலி. கப்பலில் இடம் காலியாகக் கிடந்தாலும் இந்தச் செலவில் பெரிதாகக் குறையாது.

எதிராளி அடித்தது அந்த இடத்தில்தான். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்கியது. உடனே எதிராளி இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாக அறிவித்து, ஏறுகிறவர்களுக்குக் குடையும் கொடுத்தான். அவன் கையில் பல துறைமுகங்களும் பல கப்பல்களும் இருந்தன. ஒரு மார்க்கத்தில் விட்டதை இன்னொன்றில் பிடித்துக்கொள்ளலாம். நம்மிடம் இருந்ததோ இரண்டு கப்பல்கள், ஒரே மார்க்கம். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1911இல் சங்கம் கலைந்தது. காலியா, தான் எதிர்த்து ஓடிய அதே கம்பெனிக்கே விற்கப்பட்டது. இந்தக் கடைசி வரியை எழுதும்போது இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

அடக்குமுறைதான் சுதேசிக் கப்பலைச் சாய்த்தது என்பதில் சந்தேகமில்லை. கூடவே ஒரு தொழில் பாடமும் இருக்கிறது. கப்பல் வாங்கும் பணம் ஒருமுறை செலவாகிறது. அதை ஓட்டும் பணம் தினம் தினம் செலவாகிறது. 2011 ஜூனில் அதே தூத்துக்குடி–கொழும்பு மார்க்கத்தில் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பயணிகள் கப்பல் கோலாகலமாகக் கிளம்பியது. நவம்பரோடு நின்றுபோயிற்று.

இன்றைக்கு வாங்கினால்?

இன்று ஒருவர் மீன்பிடிக்கோ, சுற்றுலாவுக்கோ, சொந்த உல்லாசப் பயணத்துக்கோ படகு வாங்கப் போனால், காசு பணத்துக்கு அடுத்து நிற்கிற கேள்வி எந்த எஞ்சின், எந்த வகை உந்துதல் என்பதுதான்.

கரையில் ஏற்றி இறக்குகிற பைபர் படகுக்கு, பின்பக்கம் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார் வசதி. ஆழம் குறைந்தால் தூக்கி மடக்கிவிடலாம். பல நாள் கடலில் தங்குகிற விசைப்படகுக்கு, உள்ளே டீசல் எஞ்சின் வைத்து நீண்ட ஷாஃப்ட்டில் புரொப்பெல்லர் சுற்றுகிற பழைய முறைதான் உழைக்கும். புதிய உல்லாசப் படகுகளில் பாட் முறை வந்திருக்கிறது. வோல்வோ பென்டா 2005இல் கொண்டுவந்த ஐ.பி.எஸ். அமைப்பில், புரொப்பெல்லர்கள் படகின் அடியில் முன்னோக்கி நின்று படகை இழுக்கின்றன. எரிபொருள் மிச்சம், கட்டுப்படுத்துவதும் சுலபம். ஆனால் மன்னார் வளைகுடா, 21 தீவுகளும் பவளப் பாறைகளும் உள்ள கடல். 1986இலேயே தேசியக் கடல் பூங்கா ஆன இடம். மீன்வலைகளும் நிறைந்தது. அடியில் தொங்குகிற எந்தப் பாகமும் இங்கே ஆபத்துக்கு ஆளாகும்; பாறைக்கும் ஆபத்து. புரொப்பெல்லர் வெளியே தெரியாத வாட்டர்ஜெட் ஆழமில்லாத இடத்துக்கு நல்லது. ஆனால் மெதுவாக ஓடினால் எரிபொருளைக் குடிக்கும்.

எதை வாங்கினாலும் மறக்கக்கூடாத கணக்கு வேகத்தின் கணக்கு. தண்ணீர்மேல் எழும்பிப் பாயாமல் மிதந்து ஓடுகிற படகின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால், தேவைப்படும் எஞ்சின் திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. நேரம் பாதியாகக் குறைவதால், அதே தூரத்துக்கு எரிபொருள் நான்கு மடங்கு. கொழும்புக்குச் சுமார் 150 கடல் மைல். மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் 15 மணி நேரம். அந்த வேகத்துக்கு 200 கிலோவாட் திறன் வேண்டிய படகு என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 3,000 கிலோவாட் மணி. டீசலில் அது சுமார் 650 கிலோ. அதே ஆற்றலை இன்றைய லித்தியம் பேட்டரியில் கொண்டுபோக வேண்டுமானால் 20 டன் சுமக்க வேண்டும். வண்டி நிறைய மாட்டுக்குத் தீவனமே ஏற்றினால் மூட்டைக்கு இடம் ஏது?

ஆனால் தூரம் குறுகினால் கணக்கு தலைகீழ். கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 ஜனவரியிலிருந்து 75 பேரை ஏற்றிக்கொண்டு ஆதித்யா என்ற சூரிய சக்திப் படகு ஓடுகிறது. கொச்சி வாட்டர் மெட்ரோவில் 2023 ஏப்ரல் முதல் பேட்டரிப் படகுகள் ஓடுகின்றன. குறித்த நேரத்தில் கரைக்கு வந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் குறுந்தூரப் படகுக்கு மின்சாரமே தோது.

எரிபொருள் யார் கையில்?

2011இல் வ.உ.சிதம்பரனார் பெயர் பெற்ற தூத்துக்குடித் துறைமுகம் இன்று அடுத்த எரிபொருளுக்கு ஆயத்தமாகிறது. கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய ஹைட்ரஜன் படகு, 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் துறைமுகத்திலேயே பசுமை ஹைட்ரஜன் முன்னோடித் திட்டம் தொடங்கியது. கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் வசதிக்கும் அடிக்கல் நாட்டினார்கள். கரிசல்காட்டு வெயிலும் கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகளும் அந்த எரிபொருளுக்கு மூலதனம். கரி வெளியிலிருந்து வந்த காலம் போய், கப்பலின் எரிபொருள் நம் வானத்திலிருந்தே கிடைக்கும் காலம் வரக்கூடும்.

அதற்கு எரிபொருள் மட்டும் போதாது. எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் வேண்டும், உதிரிபாகம் கிடைக்க வேண்டும், படிப்பு வேண்டும். சுதேசி நாவாய்ச் சங்கம் கப்பல் ஓட்டவும் கட்டவும் கற்றுக்கொடுப்பதைத் தன் நோக்கங்களில் எழுதிவைத்தது, இதைத் தெரிந்துதான். கோவில்பட்டியில் 1984 முதல் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் இயந்திரத்தோடு பழகிய பட்டறைகள் இருக்கின்றன. இங்கே படிக்கிற பிள்ளைகளுக்குக் கப்பல் எஞ்சினும் கடல் பேட்டரியும் மெத்தனால் எரிப்பும் பாடமாக வேண்டும். தூத்துக்குடித் துறைமுகம் அவர்களுக்குப் பயிற்சிக்கூடமாக வேண்டும். துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்தாயிற்று. சங்கம் முடிக்காமல் விட்ட அந்தக் கற்பிக்கும் வேலையை இந்த மாவட்டம் இனிமேலாவது கையில் எடுக்க வேண்டும்.