நீங்களே ஒரு வதந்தியைக் கிளப்புங்க... பொய்ச் செய்திக்குத் தடுப்பூசி போடும் ஆன்லைன் கேம்!

"ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. ஆனாலும், ஃபேமிலி குரூப்பில் 'அவசரம், அனைவருக்கும் பகிரவும்' மெசேஜ்கள் வருவது நின்றபாடில்லை. அறிவுரை எடுபடாத இடத்தில் விளையாட்டு எடுபடுமா? அதைச் சோதித்துப் பார்க்க உருவானதுதான் 'பேட் நியூஸ்' என்ற ஆன்லைன் கேம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நெதர்லாந்தைச் சேர்ந்த 'ட்ராக்' என்ற குழுவும் சேர்ந்து 2018 பிப்ரவரியில் இதை வெளியிட்டனர். டவுன்லோடு எல்லாம் வேண்டாம். பிரவுசரிலேயே சுமார் 15 நிமிடங்களில் ஆடி முடித்துவிடலாம்.

எப்படி விளையாடுவது?

இந்த கேமில் நீங்கதான் வில்லன். சமூக ஊடகத்தில் கடுப்பாக ஒரு பதிவு போடும் சாதாரண ஆளாகத் தொடங்கி, பொய்ச் செய்தித் தளம் நடத்தும் அளவுக்கு வளர வேண்டும். திரையில் இரண்டு அளவுகோல்கள் இருக்கும். ஒன்று, உங்களை ஃபாலோ செய்பவர்களின் எண்ணிக்கை. மற்றொன்று, உங்கள் மீதான நம்பகத்தன்மை. புளுகு அளவுக்கு மீறினால் நம்பகத்தன்மை சரியும். யோக்கியமாக நடந்தாலோ கூட்டம் சேராது. அப்போ, நம்பும்படியாகப் பொய் சொல்வது எப்படி? அதுதான் ஆட்டமே.

வழியில் ஆறு பேட்ஜ்களை வெல்ல வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு தந்திரம்:

1. பிரபலமானவர் அல்லது அமைப்பின் பெயரில் ஆள்மாறாட்டம்
2. பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளைத் தூண்டுவது
3. 'நாம், அவர்கள்' என்று மக்களைப் பிரிப்பது
4. சதிக்கோட்பாடு கிளப்புவது
5. தவறைச் சுட்டிக்காட்டுபவரையே கேவலப்படுத்துவது
6. ட்ரோல் செய்வது

வில்லனாக ஆடினால் பாடம் எப்படி வரும்?

தடுப்பூசியில் பலவீனப்படுத்தப்பட்ட கிருமியை உடலுக்குக் காட்டுவார்கள். நிஜக் கிருமி வரும்போது உடல் அதை அடையாளம் கண்டுகொள்ளும். பொய்ப் பிரசாரத்துக்கும் இதேபோல மனதைத் தயார்படுத்தலாம் என்று 1960-களிலேயே சொன்னவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மெக்குவயர். அந்த யோசனைக்குத்தான் இங்கே கேம் வடிவம் கொடுத்திருக்கிறார்கள். வதந்திகள் ஆயிரம் வரும், தந்திரங்கள் சிலதான். வித்தையை ஒருமுறை கையால் செய்து பார்த்தவர், அடுத்தவர் அதைச் செய்யும்போது சட்டென்று பிடித்துவிடுவார் என்பது கணக்கு.

வேலை செய்கிறதா?

சுமார் 15,000 பேர் ஆடியதை வைத்து 2019-ல் முதல் பெரிய ஆய்வு வெளியானது. ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் சில பதிவுகளைக் காட்டி, 'இதை எவ்வளவு நம்புவீர்கள்?' என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஆடி முடித்த பிறகு பொய்யான பதிவுகளுக்குக் கிடைத்த மதிப்பெண் குறைந்தது. ஆனால், நினைவூட்டல் இல்லாவிட்டால் இந்த விளைவு ஓரிரு மாதங்களில் தேய்ந்துவிடுகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. அதாவது, இதற்கும் பூஸ்டர் டோஸ் வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று 2023-ல் எழுந்தது. பழைய ஆய்வுகளின் தரவுகளை வேறு சில உளவியலாளர்கள் மறுபடி அலசினார்கள். இத்தகைய கேம்களை ஆடியவர்களுக்குப் பொய்யையும் உண்மையையும் பிரித்தறியும் திறன் கூடவில்லை, எல்லாச் செய்தியையுமே சந்தேகிக்கும் போக்குதான் கூடியது என்பது அவர்களது முடிவு. கேமை உருவாக்கியவர்களுக்கும் விமர்சகர்களுக்கும் இடையே இதில் விவாதம் தொடர்கிறது.

இது சின்ன விஷயம் இல்லை. 'எதையுமே நம்பாதே' என்று பழகிய ஒருவர், புயல் எச்சரிக்கையையும் நம்ப மாட்டார்.

இந்தியாவில் என்ன ஆனது?

வதந்தியின் விலை என்ன என்பது நமக்குத் தெரியும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டியைக் குழந்தை கடத்துபவர் என்று நினைத்து ஒரு கும்பல் அடித்தே கொன்றது. பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் தீயாய்ப் பரவிய வதந்திதான் காரணம். அதே ஆண்டு ஜூலையில், ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் ஐந்து சாட்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

இந்தப் பின்னணியில், வாட்ஸ்அப் குரூப் சூழலுக்கு ஏற்ப மாற்றிய ஒரு கேமை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வட இந்தியாவில் சோதித்தனர். 750-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். 2023-ல் வெளியான முடிவு: குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை.

அப்போ கேம் வேஸ்ட்டா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால், ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் அப்படியே பலிக்காது. மொழியை மாற்றினால் மட்டும் போதாது. யார் அனுப்பினால் நாம் நம்புகிறோம், போனை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். பொய்யைப் பிடிப்பதோடு, நம்பத் தகுந்ததை நம்பவும் ஒரு கேம் கற்றுத்தர வேண்டும்.

அடுத்த முறை 'அவசரம்' மெசேஜ் வந்தால் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இது அந்த ஆறு பேட்ஜ்களில் எது? எதுவும் இல்லை என்றால், இதை வேறு யார் உறுதிசெய்திருக்கிறார்கள்? முதல் கேள்வியை கேம் சொல்லித் தருகிறது. இரண்டாவதை நாமேதான் பழகிக்கொள்ள வேண்டும்.